'அப்ஸ்ட்ரக்ட்' பிறந்த வீடு

இடது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே சதை மேடாக இருக்கும் இடத்தில்தான் எழுதிக்கொள்வாள். நீலப் பேனா. ஒரு நாளைக்கு ஒரு சொல்தான். இரண்டு எழுதினால் இரண்டுமே நிற்காது என்பது அவள் அனுபவம். துணிக் கையுறை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் அட்டைப்பெட்டி மடித்துவிட்டு, மாலையில் கையுறையைக் கழற்றும்போது பாதி எழுத்து வியர்வையில் கரைந்திருக்கும். மிச்சமிருப்பதைப் பார்த்து, இல்லாததை ஊகித்து, பொன்னேரிக்குப் போகும் லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வருவாள். எதிரில் இருப்பவர்கள் ஜெபம் செய்கிறாள் என்று நினைத்துக் காலை ஒதுக்கிக்கொள்வார்கள்.

பெயர் ஹெலன். வயது நாற்பத்து நான்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், வெளிநாட்டுக்குக் குழாய் இணைப்புகள் செய்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் பதினாறு வருடமாக வேலை. அவள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். ஹெலன் தலைமுறையில் தெருவில் எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை தொங்குகிறது. பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தாள். ஆங்கிலத்தில் எவ்வளவு என்று யாராவது கேட்டால் மறைக்கமாட்டாள். "முப்பத்தஞ்சு. ஒரு மார்க்கு கொறஞ்சிருந்தா ஃபெயிலு. எந்த வாத்தியாரு பாவம் பாத்தாரோ."

கைப்பேசியைக் கேட்டிலேயே பூட்டி வைத்துவிட வேண்டும் என்பது தொழிற்சாலை விதி. அதனால்தான் உள்ளங்கை. பேக்கிங் கூடத்தில் தமிழில் எழுதியது அநேகமாக எதுவும் இல்லை. பெட்டி மேல் ஆங்கிலம், பெட்டிக்குள் போகும் சீட்டில் ஆங்கிலம், சுவரில் ஆங்கிலம். பதினாறு வருடம் ஒரு மொழியைத் தொட்டுத் தூக்கி அடுக்கிவிட்டு, அது என்ன சொல்கிறது என்று தெரியாமல் வீட்டுக்குப் போக ஹெலனுக்கு மனம் வரவில்லை.

பொன்னேரிப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய அகராதி அவளிடம் இருக்கிறது. முதல் பக்கங்கள் கிடையாது. கடைசியில் 'டபிள்யூ' பாதியோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு வரும் எழுத்துகளில் தொடங்கும் சொற்களைப் பற்றி ஹெலனிடம் கேட்கக்கூடாது. ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் தடிப் புத்தகம் அது. அந்தப் பொருளுக்குப் பொருள் தேட, மகள் கிரேஸ் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்கிய சின்ன ஆங்கிலம்–தமிழ் அகராதி. ஒரு சொல்லைப் பிடிக்கப் போனால் நான்கைந்து சொற்களில் கால் வைத்துத் தாண்ட வேண்டியிருக்கும். அது அவளுக்குச் சலிப்பதே இல்லை. கணவர் ஸ்டீவன் காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் ஒப்பந்தத்துக்குப் பெயின்ட் அடிப்பவர். டி.வி. பார்த்தபடியே கேட்பார்: "இன்னிக்கு இன்னா மீனு மாட்டிச்சி?"

தடி அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் கடைசியில் சதுர அடைப்புக்குள் பொடி எழுத்தில் ஏதோ போட்டிருக்கும். ரொம்ப நாள் அவளுக்கு அது விளங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பங்குச் சாமியாரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது லத்தீன்மா. இந்த வார்த்தை எந்த மொழியிலேர்ந்து, என்ன அர்த்தத்துல வந்துதுன்னு போட்டிருக்கான்" என்றார். அன்றைக்குத் தொடங்கியதுதான். அடைப்புக்குறிக்கு ஹெலன் வைத்த பெயர் 'பொறந்த ஊடு'. "பொம்பளைக்கு மட்டுமா பொறந்த ஊடு, புகுந்த ஊடு? வார்த்தைக்கும் கீது. இங்க வந்து எப்படி நடந்துக்கினாலும், பொறந்த ஊட்ட பாத்தாதான் அதும் கொணம் புரியும்."

கேன்டீனில் ஒரு நாள் சாம்பாரில் கையை வைத்தபடி சொன்னாள். "கம்பெனின்னா இன்னா தெரியுமாடி? பொறந்த ஊட்ல அதுக்கு அர்த்தம், கூட குந்தி ரொட்டி துன்றவங்க. மேனேஜரு தனி ரூம்ல துன்றாரு. அப்போ அவரு கம்பெனில சேத்தி இல்ல." அந்த மேசையில் ஒருத்திக்குப் புரையேறி, தண்ணீர் கொடுத்து முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று.

தப்பும் நடக்கும். பேக்கிங் கூடத்தின் பின்பக்கத்தில் ஓர் அவசரக் கதவு உண்டு. வெளிப்புறமாகத் திறப்பது. கதவின் வெளிமுகத்தில், சரக்கு அனுப்பும் முற்றத்தைப் பார்த்தபடி ஒரு சிவப்புப் பலகை. மூன்று வருடம் முன்பு அதிலிருந்து ஒரு சொல்லைக் கையில் எழுதிக்கொண்டு வந்தாள். அது வெயில் காலம். வீட்டுக்கு வந்து பார்த்தபோது இரண்டு எழுத்துகள் குழம்பிக் கிடந்தன. ஊகித்து, 'அப்ஸ்ட்ராக்ட்' என்று தேடினாள். 'சாரம், சுருக்கம்' என்று வந்தது. கதவில் எதற்கு 'சுருக்காதே' என்று எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு வாரம் குழம்பினாள். பிறகு ஒரு நாள் கதவருகே நின்று எழுத்தெழுத்தாகப் படித்தாள். ஓ, பி, எஸ், டி, ஆர், யூ, சி, டி. அப்ஸ்ட்ரக்ட். வழியை மறி, தடு. இவ்வளவுதானா என்று தன்னைப் பார்த்தே சிரித்துக்கொண்டாள். அடைப்புக்குறிக்குள் எட்டிப்பார்க்கவில்லை.

சென்ற ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருக்கும். பெட்டிகளைச் சுற்றிய பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி இறுக்கும் இயந்திரத்தில் ஒரு சுருள் பற்றிக்கொண்டது. பெரிய நெருப்பு ஒன்றும் இல்லை. ஆனால் புகை கறுப்பாக எழுந்து, முன்வாசல் பக்கம் முழுவதையும் மூடியது. உள்ளே இருந்த இருபத்திரண்டு பெண்களும் பின்கதவுக்கு ஓடினார்கள். ஹெலன் முதலில் போய்த் தள்ளினாள். கதவு ஒரு சாண் திறந்து எதன்மேலோ முட்டி நின்றது. வெளியே, லாரிக்குக் காத்திருந்த பெட்டிகள், மரப் பலகைகளின்மேல் ஆறு அடுக்குகளாகக் கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தன. பின்னால் வந்தவர்கள் தள்ள, ஹெலனின் கன்னம் கதவின் தகரத்தில் அழுந்தியது. அந்தச் சந்து வழியாகக் கைகளை வெளியே விட்டுக் கத்தினார்கள்.

முற்றத்தில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் லோகு. நாற்பத்தெட்டு வயது. எளாவூர்க்காரர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் வண்டியைத் திருப்பி ஆறு அடுக்கையும் ஒவ்வொன்றாக நகர்த்தினார். மொத்தம் நான்கு நிமிடம். எல்லோரும் வெளியே வந்து விழுந்தார்கள். ஒருத்தி மயக்கம் போட்டாள், சோடா கொடுத்ததும் எழுந்தாள். பதிவேட்டில் 'சிறு புகை, சேதமில்லை' என்று எழுதப்பட்டது. ஹெலன் முகத்தைக் கழுவிக்கொண்டு வழக்கமான ரயிலைப் பிடித்தாள். வீட்டில் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து மாதக் கடைசி. சரக்கு வைக்க இடமில்லை. மேற்பார்வையாளர் வெங்கடேசன் கெட்ட மனிதர் இல்லை. மாதக் கடைசியில் அவருக்குக் கண் தெரியாது, அவ்வளவுதான். "லோகு, இந்த ஆறையும் பின்கதவாண்ட போடு" என்றார். லோகு தலையை ஆட்டினார். மாட்டேன் என்ற ஆட்டல். வெங்கடேசன் கத்தினார். லோகு ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுபோய், லாரிகள் வந்து நிற்கும் லோடிங் மேடைக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேன்டீனில் போய் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது நிமிடம். அன்றைக்குத் துறைமுகத்துக்குப் போக வேண்டிய கன்டெய்னர் நேரத்துக்குப் போகவில்லை. மறுநாள் லோகுவுக்கு சஸ்பென்ஷன். கூடவே இரண்டு பக்கக் குற்றச்சாட்டுக் கடிதம், ஆங்கிலத்தில்.

சஸ்பெண்ட் ஆனவர் கேட்டுக்குள் வர முடியாது. மாலையில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் ஹெலனுக்காகக் காத்திருந்தார். கடிதத்தை நாலாக மடித்து வைத்திருந்தார்.

"ஹெலனம்மா, இதுல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சி சொல்லு. சபரிநாதன் சாரு, 'ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துடு, முடிச்சிக்கலாம்'ன்றாரு." சபரிநாதன் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவு மேலாளர்.

ஹெலன் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"அண்ணா, இந்த வார்த்தை நம்ம கதவுல கீது."

"எந்தக் கதவுல?"

"அன்னிக்கு நீ வந்து தொறந்து வுட்டியே, அதுலதான்."

லோகு ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே சொன்னார். "வெரலுங்கதான் தெரிஞ்சிது எனுக்கு. யாரு வெரலுன்னுகூட தெரியல. அதுக்கப்பறம் அந்த எடத்துல எப்படிம்மா கொண்டாந்து வெப்பேன்?"

"இத சபரிநாதன் சாரான்ட சொன்னியா?"

"எங்க சொல்றது? அவரு இங்கிலீசுல பேசிக்கினே இருந்தாரு."

மன்னிப்பு எழுதினால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும், அதற்குப் பிறகு வேலையே போனாலும் கேட்க வழியில்லை, கையெழுத்துப் போட வேண்டாம் என்று ஹெலன் சொன்னாள். உள்விசாரணைக்குத் துணையாக ஒரு சக தொழிலாளியை அழைத்து வரலாம் என்று கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. அதையும் படித்துக் காட்டினாள். படித்திருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது, லோகு அவளையே பார்த்தார்.

"நீ வரியாம்மா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். தர ஆய்வாளர் பதவிக்கு அந்த மாதம் நான்கு பேரின் பெயர் போயிருந்தது. அதில் அவள் பெயர் இரண்டாவது. பதினாறு வருடம் பெட்டி மடித்தவள், கையுறையைக் கழற்றிவிட்டு மேசையில் உட்காரும் வேலை. அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியவர் சபரிநாதன்.

அன்றிரவு சோறாக்கும் முன்பே தடி அகராதியை எடுத்து அடைப்புக்குறியைப் பார்த்தாள். 'அப்' என்றால் எதிரே. 'ஸ்ட்ருவெரெ' என்றால் அடுக்கு, குவி, கட்டு. எதிரே அடுக்குதல். ஒரு சொல்லுக்குள் அந்த வியாழக்கிழமை அப்படியே இருந்தது. சின்ன அகராதியையும் புரட்டிக்கொண்டு மேலும் தேடினாள். கன்ஸ்ட்ரக்ட், இன்ஸ்ட்ரக்ட் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் அடுப்பங்கரையிலிருந்தே கணவரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, மூணும் அக்கா தங்கச்சிங்க! ஒருத்தி கட்டறா, ஒருத்தி கத்துக் குடுக்கறா, இன்னொருத்தி வழியில குந்திக்கினு எந்திரிக்கவே மாட்டேன்றா."

ஸ்டீவன் சிரித்தார். விஷயம் என்ன என்று கேட்டார். லோகு கூப்பிட்டதைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. "ஊரு பேஜாரெல்லாம் உனுக்கு எதுக்கு? என் வேல இன்னிக்கு கீது, நாளைக்கு இல்ல. உன் வேலதான் நெலையானது. அத வெச்சிதான் இந்த ஊடே நிக்குது."

அவர் சொன்னதில் தப்பில்லை. இரண்டு நாள் அந்தப் பேச்சே எழவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மீன் குழம்பும் சோறுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்டீவனுக்குத் திடீரென்று தோன்றியது. "அந்த லோகு எதுக்கு அப்படி ஒரு வீம்பு பண்ணாரு?"

ஹெலன் அப்போதுதான் சொன்னாள். புகை, கதவு, சாண் அகலச் சந்து, தகரத்தில் அழுந்திய கன்னம். சொல்லும்போது குரல் மாறாமல் பார்த்துக்கொண்டாள். ஸ்டீவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"எத்தினி நிமிசம் அங்க நின்னே?"

"நாலுன்னு சொன்னாங்க."

"ஒரு மாசமாச்சி. ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேலைக்கு போவாதன்னுவீங்க."

பாதி சோற்றோடு கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வெளியே போனார். கோபத்தில் போகிறார் என்று ஹெலன் நினைத்தாள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் ஒரு டப்பா பசையும், தார்ப்பாய்த் துணியில் ஒரு துண்டும். கொடியிலிருந்து லுங்கியை எடுத்துத் தரையில் விரித்து, அகராதியைக் கவிழ்த்துப் போட்டு, கிழிந்த முதுகில் பசை தடவித் துணியை ஒட்டினார். கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறவர் கை, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியது.

"அவ்ளோ பேரு முன்னாடி பக்கம் பறந்தா அசிங்கமா பூடும்" என்றார், நிமிர்ந்து பார்க்காமல். "காயட்டும். காலைல வரிக்கும் தொடாத."

விசாரணை ஒரு சனிக்கிழமை காலை, பயிற்சி அறையில். திருவள்ளூரிலிருந்து வந்த வழக்கறிஞர் இராமலிங்கம் விசாரணை அதிகாரி. நிர்வாகம் நியமித்தவர்தான். மேசைக்கு ஒரு பக்கம் சபரிநாதனும் வெங்கடேசனும். மறுபக்கம் லோகுவும் ஹெலனும். நகைக்கடையில் கொடுத்த கட்டைப்பையில் அகராதி. வெங்கடேசன் நடந்ததைச் சொன்னார், மறைக்காமல்தான் சொன்னார். வண்டியைக் குறுக்கே நிறுத்தினார், சாவியைத் தரவில்லை, ஐம்பது நிமிடம். லோகு தலைகுனிந்து எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினார்.

"நீங்க ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார் இராமலிங்கம். ஹெலன் எழுந்தாள். "உக்காந்தே கேளுங்க."

"நின்னாதான் சார் எனுக்குப் பேச்சு வரும்." முழங்கால் மேசையில் இடித்துத் தண்ணீர்ப் புட்டி ஆடியது. சபரிநாதன் பக்கம் திரும்பினாள். "சார், லோகண்ணா மேல இன்னா குத்தம்? தமிழ்ல சொல்லுங்க."

"வேலையை அப்ஸ்ட்ரக்ட் பண்ணினார். அதாவது, தடுத்தார்."

"அந்த வார்த்தை நம்ம கம்பெனில வேற எங்கனா எழுதிக்கீதா சார்?"

அவர் யோசித்தார். "எனக்கு ஞாபகம் இல்லை."

"பேக்கிங் பின்கதவுல, செவப்பு போர்டுல கீது. வருசா வருசம் சேஃப்டி கிளாஸ்ல நீங்கதான் படிச்சிக் காட்டுவீங்க. அதுக்கு எங்களுக்கு இன்னா அர்த்தம் சொல்லுவீங்க சார்?"

சபரிநாதன் நேர்மையான ஆள். கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது. "கதவுக்கு எதிரே எதையும் அடுக்கக் கூடாதுன்னு."

"அதேதான் சார் இதுலயும் போட்டுக்கீது." கட்டைப்பையிலிருந்து அகராதியைத் தூக்கி மேசையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் அவளே திடுக்கிட்டாள்.

"சார், இது டிக்ஷனரி. இதை எவிடன்ஸா எடுத்துக்க முடியாது" என்றார் சபரிநாதன்.

"சார்ஜ் ஷீட்ல அந்த வார்த்தையைப் போட்டது நீங்கதானே. அர்த்தம் பாக்கறதுல என்ன?" இராமலிங்கம் புத்தகத்தை இழுத்து வைத்துக்கொண்டு ஹெலன் விரல் காட்டிய இடத்தில் குனிந்தார். உரக்கப் படித்தார். இன்னொரு முறை மெதுவாகப் படித்தார். "எதிரே... அடுக்கு. குவி." கண்ணாடியைக் கழற்றினார். "முப்பத்தோரு வருஷமா இந்த வார்த்தையை எழுதிட்டிருக்கேன்மா. உள்ளே இப்படி ஒரு குவியல் இருக்குன்னு இன்னைக்குத்தான் பாக்கறேன். எந்த வருஷத்துப் புத்தகம் இது?"

"தெர்ல சார். மொதோ பக்கம் இல்ல."

ஆடி மாதத்துப் புகையைப் பற்றி ஹெலன் அதற்குப் பிறகுதான் சொன்னாள். பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார் இராமலிங்கம். 'சிறு புகை' என்ற வரியைப் படித்தார். பேனாவை மூடினார். "அந்தக் கதவைப் பார்த்துட்டு வந்துடலாம்."

ஐந்து பேரும் முற்றத்தைத் தாண்டி நடந்தார்கள். அன்றும் சரக்கு நிறைந்த நாள். பின்கதவை மறைத்துக்கொண்டு நான்கு அடுக்குகள் நின்றிருந்தன. சிவப்புப் பலகையின் மேல் வரி மட்டும் தெரிந்தது. தடுக்காதே என்று சொல்லும் கீழ்வரியைப் பெட்டிகள் மறைத்துவிட்டன. வெங்கடேசன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இராமலிங்கம் சுற்றிக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தள்ளினார். ஒரு சாண் திறந்தது. அதன் வழியே அவருடைய மூக்குக் கண்ணாடியும் வெள்ளை மீசையும் தெரிந்தன. பேக்கிங் பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சந்து வழியாகவே அவர் கேட்டார். "அம்மா, ஒண்ணு சொல்லுங்க. லோகு வண்டியைக் குறுக்கே போட்டாரே, அதுவும் தடைதானே?"

லோகு ஹெலனைப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிட்டால் தேவலை என்று அவளுக்கும் தோன்றியது. நாக்கு வரை வந்தது. ஆனால் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தபிறகு மாற்றிச் சொல்ல அவளால் முடியவில்லை.

"ஆமா சார். அதுவும் அப்ஸ்ட்ரக்ட்டுதான். இல்லன்னு நான் சொல்லல. லோகண்ணா வண்டிய வெச்சி மறிச்சாரு. கம்பெனி பொட்டிய வெச்சி மறிச்சிது. அவரு மறிச்சதுல ஒரு லாரி நின்னுச்சி. இவங்க மறிச்சதுல நாங்க இருவத்திரண்டு பேரு நின்னோம். ரெண்டுத்தையும் அதே வார்த்தைல எழுதுங்க சார். எனுக்கு அது போதும்."

எழுதினார். பதினொரு நாள் கழித்து உத்தரவு வந்தது. லோகுவின் செயல் தவறுதான், ஆனால் அதற்குக் காரணமான சூழ்நிலையை நிர்வாகமே உண்டாக்கியிருந்தது. எச்சரிக்கையோடு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். திரும்பி வந்த முதல் நாள் லோகுவுக்குக் கொடுத்த முதல் வேலை, கதவை மறைத்த அடுக்குகளை அகற்றுவது. அகற்றிய இடத்தில் தரையில் மஞ்சள் கட்டம் வரைந்தார்கள். பெயின்ட் காயும் வரை லோகு ஃபோர்க்லிஃப்டிலேயே உட்கார்ந்து காவல் காத்தார். யாரும் சொல்லவில்லை.

தர ஆய்வாளர் பட்டியலில் ஹெலன் பெயர் அந்த முறை வரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு நாள் ராத்திரி மட்டும் கொஞ்சம் அழுதாள். மறுநாள் காலை நாஷ்டாவுக்கு உப்புமா கிளறியபடியே, "வரும் வுடுங்க, எங்க போயிடப் போவுது" என்று ஸ்டீவனிடம் சொல்லிவிட்டு அதோடு விட்டுவிட்டாள். அவளுக்கு வேறொரு குறைதான் இருக்கிறது. விசாரணைக்குப் பிறகு சபரிநாதனின் சுற்றறிக்கைகளில் கடினமான சொற்கள் குறைந்துவிட்டன. எல்லாம் 'ஸ்டாப்', 'கோ', 'ப்ளீஸ்' என்று சின்னச் சின்னச் சொற்களாக வருகின்றன. "பயந்துட்டாருடி மனுசன். எனுக்குதான் நஷ்டம்" என்கிறாள்.

நேற்று மாலை லோக்கல் ரயிலில் வழக்கமான இடம் கிடைக்கவில்லை. கதவருகே கீழே உட்கார்ந்து வந்தாள். பக்கத்தில், கும்மிடிப்பூண்டி சந்தையில் மீன் விற்றுவிட்டு ஊர் திரும்பும் பழவேற்காட்டுப் பெண் ஒருத்தி, காலியான அலுமினியக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு வாசலில் வைத்துவிட்டுக் கம்பியில் சாய்ந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கவரைப்பேட்டையில் கூட்டம் ஏறியது. "யாரும்மா இது, வழில வெச்சிக்கினு! எடும்மா!" என்று ஒரு குரல் அதட்டியது. தூங்கியவள் விழிக்கவில்லை. ஹெலன் கையை நீட்டி, கூடைகளைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, காலையும் மடக்கிக்கொண்டாள். ஜனங்கள் ஏறினார்கள். கூடையின் ஈரம் சுடிதாரில் இறங்கிக்கொண்டிருந்தது. பொன்னேரி வரும் வரை அவள் அந்தப் பெண்ணை எழுப்பவில்லை.